நிலவறை இன்றி மனை வகுத்தல்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன. அவற்றுள் உணவிற் பிழை நேரின் அஃது ஒரு வேளையோடு கழியும். உடையிற் பிழை நேரின் ஓராண்டோடு கழியும். உறையுளில் நேர்ந்த பிழையோ இரண்டு தலைமுறை நின்று வருத்தும். ஆதலின், சுவர் எழுப்புமுன் வீட்டைத் தாளில் வகுத்துக் காண்டல் இல்லறத்தார் கடனாகும். இது நமக்குப் புதிய வழக்கமன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், நண்பகற் பொழுதிற் கோல் நட்டு, அதன் நிழலால் திசை தெரிந்து, நூல் பிடித்து அளந்து அரண்மனை வகுத்த முறையை நக்கீரனார் கூறுகின்றார். அரசர்க்கு வல்லுநர் செய்த அத்தொழிலை இன்று சிறு மனையுடையாரும் தத்தமக்குச் செய்துகொள்ள வேண்டியவராய் உள்ளனர்.

மேல்நாட்டு வீட்டு வரைபடங்களை நோக்குவோர், நிலமட்டத்திற்குக் கீழே ஓர் அறை காட்டப்பட்டிருத்தலைக் காண்பர். அதுவே நிலவறை. அமெரிக்காவின் வடபகுதி, கனடா முதலிய குளிர்மிக்க இடங்களில் மாரிக்காலத்து மண்ணிலுள்ள ஈரம் உறைந்து பருக்கும். பருத்த மண் அடித்தளத்தை மேலே தள்ளும். அது நேராவண்ணம் உறைபனி எட்டாத ஆழத்திற்கு அடித்தளத்தைக் கொண்டுசெல்கின்றனர். 4 அடிக்கும் மேலாகத் தோண்டியபின், இன்னுஞ் சிறிது தோண்டின் ஓர் அறையே கிடைத்துவிடுகின்றது. வீட்டை வெதுப்பும் உலை, வெந்நீர்க் கலம், துணி துவைக்கும் பொறி, பழம்பொருள்கள் ஆகியன அங்கே இடம்பெறுகின்றன.

நமது சமவெளியில் மண் உறைவதில்லை. ஆதலின் அத்துணை ஆழத்திற்குத் தேவையுமில்லை. எம் குடும்பத்தார் இப்பொழுது வீடு கட்டத் தொடங்கியுள்ள மனை திருநெல்வேலிச் சீமையில், வயலை அடுத்துள்ளது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் அருகிலுள்ள கிணற்றுநீர் 6 அடிக்குள் ஏறிவிடும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களிற் பெய்த பெருமழையில் அம்மனையில் ஓரடி நீர் நின்றதை யாமே கண்டோம். அங்கே நிலவறை அமைப்பின் அது கிணறாகுமேயன்றி அறையாகாது.

எனினும், நிலவறை வேண்டாவென்று கூறிவிடுதல் எளிது. அதனுள் வைக்கத்தக்க பொருள்களை வேண்டாவென்று கூறுதல் எளிதன்று. அவை யாவும் மக்கள் உறையும் தளத்திலேயே மக்களோடு இடம் பகிர்ந்துகொள்ள வேண்டும். எனவே, நிலவறையில்லா வீட்டை வகுப்போர் முதற்கண் வினவத்தக்கது, 'கூடம் எவ்வளவு பெரிது?' என்பதன்று, 'எப்பொருள் எங்கே இருக்கும்? எவர் எங்கே நடப்பர்?' என்பதேயாகும். இதனை யாம் கற்றுக்கொண்டது நூலினாலன்று, பிழையினாலேயாம்.

எம் மனை 40 அடி அகலமும் 60 அடி நீளமும் உடையது; ஏறத்தாழ ஐந்தரைச் சென்ட். பக்கங்களில் அவ்வாறு அடியும், முன்னே 10 அடியும், பின்னே 8 அடியும் விடுத்தால், வீட்டிற்கு 28 அடிக்கு 42 அடி எஞ்சும். முதல் வரைபடத்தில் 12 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள கூடமும், முகப்பிற் கார் நிறுத்தும் மண்டபமும் சிறப்புற அமைந்திருந்தன. காண்போர் அனைவரும் புகழ்ந்தனர். ஆனால் அரிசி மூட்டைக்கும், பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் அண்டா குண்டாக்களுக்கும், விருந்தினர்க்கான பாய் தலையணைகளுக்கும் அதில் இடமேயில்லை.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இவற்றிற்கென்றே 'அரங்கு' என்றோர் உள்ளறை இருந்தது. பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவே அமைந்து, நிலவறையின் பயனை நிலத்தின்மேலேயே தந்தது. அதனை நினைவூட்டியவர் எம் அன்னையார். கூடத்தின் நீளத்தை 15 அடியாகக் குறைத்தோம். இடையே 4½ அங்குலச் சுவர் வைத்தபின் ஏறத்தாழ 55 சதுர அடியில் ஓர் அரங்கு கிடைத்தது. இருமருங்கும் 15 அங்குல அகலத்தில் தட்டுகள் அமைத்தும் நடுவே 2 அடி வழி உளது. சமையல் வாயு உருளையை மட்டும் அதனுள் வைத்திலோம். அவ்வாயு காற்றினும் கனமானது. கசியின் தாழ்ந்து தரையிலே தேங்கும். ஆதலின், அடுக்களைப் புறச்சுவரை ஒட்டி வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் அதற்கு மேடை வகுத்தோம். மாலை வெயில் தாக்கும் மேற்குப் பக்கத்தில் மாடிப்படியையும் பாத்திரந் துலக்கும் இடத்தையும் அமைத்து, உறங்கும் அறைகளை வெப்பத்தினின்று காத்தோம்.

இனி, இரண்டாவது பிழையைக் கூறுவோம். எம்முடன் வாழும் ஆச்சிக்குத் தெருவை நோக்கியிருத்தல் பெருவிருப்பம். ஆகவே வடகிழக்கு மூலையில் அவர்கட்கு அறை வகுத்தோம். குளியலறையும் கழிப்பறையும் தென்மேற்கில் இருந்தன. தாளில் அஃது ஒரு சாண் தொலைவே! வானம் தோண்டுவதற்கு முன்னாள், கொத்தனார் சுண்ணாம்புப் பொடியால் மனைமீது வரைபடத்தை முழு அளவில் வரைந்தார். ஆச்சி தம் அறையில் நின்று, கோலூன்றி, கோட்டு வாயில்களின் வழியே கழிப்பறை வரை நடந்தார்கள். யாம் எண்ணினோம்: 34 அடிவைப்பு.

"பகலிற் போய்விடுவேன் ஐயா, இராத்திரி என்ன செய்வேன்?" என்றார்கள்.

எவரும் விடை கூறவில்லை. தந்தையார் சற்று நேரம் வாளா நின்றார். காருக்கென விட்ட மண்டபம் அவர் பல்லாண்டு விரும்பியது. பின்பு தாமே குனிந்து, அம்மண்டபத்தினின்று 5 அடி அகலமும் 8 அடி நீளமும் பிரித்து, ஆச்சியின் அறையோடு சேரக் கோடிட்டார். குழாயின் நீளம் மிகுந்தது, செலவும் மிகுந்தது, கார் இனித் தெருவில்தான் நிற்கும். ஆயின் 34 அடிவைப்பு 8 ஆயிற்று. அவ்வாயிலின் அகலத்தையும் 3 அடியாக்கினோம். பின்னாளிற் சக்கர நாற்காலி வேண்டப்படினும் தடையிராது.

வெள்ளத்தை எண்ணி வீட்டின் தளத்தை நிலத்தினும் 2 அடி உயர்த்தினோம். அதனால் வாயிலில் 4 படிகள் வேண்டியவாயின. படியேற மாட்டாதார்க்கு, 12 அடி நீளத்திற்கு 1 அடி உயரும் சாய்தளமே தக்கது என்பர். 2 அடிக்கு 24 அடி நீளம் வேண்டும். வடபுறத்தே விட்ட 6 அடி இடைவெளியில் அதுவும் அமைந்தது.

இவற்றால் யாம் தெளிந்தவை மூன்று. முதலாவது, பொருள்களின் பட்டியலை எழுதியபின்னரே அறைகளை எழுதுக. இரண்டாவது, தாளிற் கண்டதை மனைமீது வரைந்து நடந்து பார்க்க. சுண்ணாம்புக் கோட்டை அழித்தல் எளிது, சுவரை இடித்தல் அரிது. மூன்றாவது, வீட்டில் மெலிந்தோர் எவரோ அவர் நடையாலேயே வீட்டை அளக்க. அவர்க்கு எளிதாகும் வீடு அனைவர்க்கும் எளிதாகும்.

நிலவறையுள்ள வீட்டார், வேண்டாதவற்றைக் கீழே மறைத்துவிட்டு மேலே அழகு செய்யலாம். நமக்கோ அனைத்தும் ஒரே தளத்தில் வெளிப்பட நிற்கும். அதனை ஒரு குறையென்றே முன்னர்க் கருதியிருந்தோம். யாரை எங்கே வைக்கின்றோம் என்று எம்மை வினவச் செய்ததனால், அஃது ஒரு நன்மையே என்பது இப்போது எம் துணிபு.