முதலில் செவி, பிறகு நாவு



இம்முறை தியானத்திற்கு மாற்கு 7-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை (31 முதல் 37 வரை) எடுத்துக்கொள்ளுங்கள். வேதாகமத்தைத் திறந்து ஒருமுறை வாசித்துவிட்டு இதைத் தொடர்ந்தால் நலம். தெக்கப்போலி நாட்டில் ஒரு மனிதனை ஆண்டவரிடத்தில் கொண்டுவருகிறார்கள். அவன் செவிடன், கொன்னைவாயன். மூலபாஷையில் மாற்கு எழுதியுள்ள சொல் ‘மொகிலாலோஸ்’, அதாவது வருந்திப் பேசுகிறவன். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இச்சொல் வருவதில்லை. அவன் முற்றிலும் ஊமை அல்ல. பேச முயன்று, வார்த்தை வராமல் தவித்தவன் என்று கொள்ளலாம்.

ஆண்டவர் செய்த வரிசையைக் கவனியுங்கள். ஜனக்கூட்டத்தை விட்டு அவனைத் தனியே அழைத்துப்போகிறார். காதுகளில் விரலை வைக்கிறார். அதற்குப் பிறகே நாவைத் தொடுகிறார். திறக்கப்படுவதும் முதலில் செவிதான். நாவின் கட்டு அடுத்து அவிழ்கிறது.

பேச்சு வராத பிள்ளையோடு நம் மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் பெற்றோர் பெரும்பாலும் நாவைக் காட்டத்தான் வருகிறார்கள். “நாக்கு அடியில ஒட்டிக்கிட்டிருக்குன்னு சொல்றாங்க ஐயா, வெட்டிவிட்டா பேசிடுவானா?” என்று கேட்காத தாய் குறைவு. அதற்குமுன் வசம்பு உரைத்துத் தடவியிருப்பார்கள். வார்த்தையே வராத பிள்ளைக்கு நாவின் அடியிலுள்ள அந்தத் தசைநார் காரணமாயிருப்பது அபூர்வம். முதலில் பார்க்கவேண்டியது காது.

பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவர் நான்கு வயது மகளோடு வந்தபோது அதைத்தான் சொன்னேன். அவருக்கு வருத்தமாகிவிட்டது. “காது நல்லாத்தான் கேக்குது ஐயா. நான் தறி அடிச்சா திரும்பிப் பாக்குறாளே!” என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் குழித்தறியில் பலகை விழும்போது தரையும் அதிர்கிறது. தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அந்த அதிர்வை உடம்பால் அறிகிறது. கருடசேவை மேளத்திற்குத் திரும்புவதும் அப்படியே இருக்கலாம். சில பிள்ளைகளுக்குக் கனத்த ஓசை காதில் விழும்; ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஓசைகள் விழாது. ஆகையால் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பதும், தட்டைக் கீழே போட்டுப் பார்ப்பதும் சோதனை ஆகாது. பிள்ளை தூங்கும்போதே, மூளைக்கு ஓசை போய்ச் சேருகிறதா என்று கருவி மூலம் பார்க்கும் ‘பெரா’ பரிசோதனை இருக்கிறது. வலி கிடையாது. அந்தச் சிறுமிக்கு இரண்டு காதிலும் கடுமையான கேள்விக்குறை என்று அதில் தெரிந்தது. தகப்பனார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “மூணு வருஷம் போச்சே ஐயா” என்றார்.

அந்த மூன்று வருஷம் எப்படிப் போகிறது? ‘இவன் அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினான்’ என்று பாட்டி சொல்வார். நம் நாட்டுக் கதைகளும் காத்திருக்கச் சொல்கின்றன. ஊமையாயிருந்த மூககவி காமாட்சியின் அருளால் ஐந்நூறு சுலோகம் பாடினார் என்பது காஞ்சியில் வழங்கும் வரலாறு. குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்தார் என்பார்கள். அயலாரின் நம்பிக்கையைக் குறைகூற எனக்கு விருப்பமில்லை. நம்முடைய உபவாசக் கூட்டங்களிலும் ஒரே இரவில் நாவு அவிழவேண்டும் என்றுதானே எதிர்பார்க்கிறோம்? ஜெபியுங்கள், ஜெபித்துவிட்டு அதே வாரத்தில் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ என்ற அறிஞர் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், கேள்விக்குறை ஆறு மாதத்திற்குள் கண்டறியப்பட்ட பிள்ளைகள், பிந்திக் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்.

ஒரு வயதை ஒட்டி ஒரு வார்த்தையாவது வரவேண்டும். இரண்டு வயதில் ‘அம்மா வா’ என்று இரண்டைச் சேர்க்கவேண்டும். ஒன்றரை வயதாகியும் ஒன்றும் வரவில்லை என்றாலோ, வந்த வார்த்தை எந்த வயதிலாவது மறைந்துபோனாலோ பொறுத்திருக்கக் கூடாது.

காது நன்றாக இருந்தும் பேசாத பிள்ளைகள் உண்டு. ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைவு, மொழி மட்டும் தாமதமாகும் நிலை என்று காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறிவது மருத்துவர் வேலை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் தேவாங்கர், பத்மசாலியர் வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள், தெருவில் தமிழ். ‘இரண்டு பாஷை கேட்டுப் பிள்ளை குழம்பிவிட்டது, வீட்டுப் பாஷையை விட்டுவிடுங்கள்’ என்று படித்தவர்களே ஆலோசனை சொல்கிறார்கள். இது தவறு. இரண்டு மொழியால் பேச்சுக்குறை உண்டாவதில்லை. தாய்க்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ அதில் கொஞ்சட்டும்.

இனி வீட்டில் செய்யவேண்டியது. பழைய முறையில் கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு ஒவ்வொன்று, ஆக மூன்று. தறியில் இருப்பவர் தன் நாடாவை விட்டதும் நிறுத்தவேண்டும். மறுகரையில் உள்ள துணையாள் தன் நாடாவை விடவேண்டும். அவர் விடும்வரை இவர் காத்திருப்பார். பேச்சும் இப்படித்தான் நெய்யப்படுகிறது. நாமோ பிள்ளையின் முறை வருமுன்னே அடுத்த நாடாவையும் நாமே விட்டுவிடுகிறோம். ‘சொல்லு, மாமா சொல்லு, சொன்னாத்தான் பிஸ்கட்’ என்று விருந்தாளி முன் நிறுத்துகிறோம். பிள்ளை வாயை இறுக மூடிக்கொள்கிறது.

கையில் பருப்புக் கடைந்து, எல்லாருக்கும் பங்கிட்டு, விரல்கள் ஊர்ந்து அக்குளுக்குப் போகும் விளையாட்டை எந்தப் பாட்டியும் அறிவார். அதை நாலுமுறை விளையாடிவிட்டு, ஐந்தாம் முறை முழங்கையில் விரலை நிறுத்திவிடுங்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்து, மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். அது கண்ணால் கேட்கும், அல்லது ‘ம்’ என்னும், அல்லது உங்கள் கையை இழுக்கும். அதுவே அதன் முறை. உடனே பதில் கொடுங்கள். அது ‘மம்மு’ என்றால் நீங்கள் ‘சூடு மம்மு’ என்று ஒரு சொல் மட்டும் கூட்டுங்கள். பாலா, பழமா என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். இவையெல்லாம் தறி ஓடாத நேரத்தில், தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, பிள்ளையின் கண்மட்டத்தில் உட்கார்ந்து செய்யவேண்டும். தனியே அழைத்துப்போனார் என்று மாற்கு எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். சைகை செய்தால் பேச்சு வராது என்று பயப்படவும் வேண்டாம். கேளாத அந்த மனிதனோடு ஆண்டவரும் கையால்தான் முதலில் பேசினார்.

இந்த வேலை தாய் ஒருத்தியின் தலையில் விழுந்துவிடுகிறது. அவளோ சமைத்து, தார் சுற்றி, ‘உன் வயிற்றில் பிறந்ததால்தான் இப்படி’ என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தகப்பன்மார் தறியிலிருந்து இறங்கி ஒருநாளைக்கு அரைமணி நேரமாவது இதில் உட்காரவேண்டும் என்று நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. பாளையங்கோட்டையில் 1890-களில் புளோரன்ஸ் சுவைன்சன் என்ற மிஷனரி அம்மையார் தொடங்கிய செவித்திறன் குறைந்தோர் பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. சென்னையில் 1969-இல் தொடங்கிய பாலவித்யாலயா, பள்ளி வயதுக்கு முன்னரே கைக்குழந்தைகளைச் சேர்த்து, தாயையும் கூடவே அமர்த்திப் பயிற்றுவிக்கிறது. மத்திய அரசு 2013-இல் தொடங்கிய சிறார் நலத்திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கேட்டால் வழிகாட்டுவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்துகிறார்கள். பொருத்திய மறுநாளே பிள்ளை பேசிவிடாது. கருவி இயங்கத் தொடங்கும் நாளில்தான் அது கேட்கவே தொடங்குகிறது; அன்று அதன் காதுக்கு வயது பூஜ்யம்.

மேலே சொன்ன சிறுமிக்குக் கருவி வைத்தாயிற்று. வாரந்தோறும் பயிற்சி. எட்டு மாதம் கழித்து, தார் உருளும் சத்தத்திற்குத் திரும்பினாளாம். மென்மையான சத்தம் அது. தரையை அதிர வைக்காது. தகப்பனார் அதைச் சொல்லத்தான் வேலையை நிறுத்திவிட்டு வந்திருந்தார். வார்த்தைகள் ஆறு அல்லது ஏழு. ‘அப்பா’ இன்னும் வரவில்லை.

உங்கள் சபையிலும் இப்படிப்பட்ட பிள்ளை இருக்கலாம். ஓய்வுநாள் பள்ளியில் அவனை ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகே உட்காரவைக்காதீர்கள்; அந்த இரைச்சலில் அவன் கருவியைக் கழற்றிவிடுவான். ஆசிரியர் முகம் தெரியும்படி முன்வரிசையில் இடம் கொடுங்கள். மனப்பாட வசனம் சொல்லும் முறை அவனுக்கு வரும்போது, யாரும் எடுத்துக்கொடுக்காமல் பத்துவரை எண்ணுங்கள்.