நட்சத்திர மீனுக்கும் இடம் வலம் உண்டு

விலங்குகளை ஆரச் சமச்சீர், இருபக்கச் சமச்சீர் என்று பள்ளியில் பிரித்துப் படிக்கிறோம். தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் அந்தப் பிரிவு பிறப்பிலிருந்து மாறாதது என்று நினைத்துக்கொண்டால், உயிரினங்களின் வியப்பான பகுதியை இழந்துவிடுவோம்.

நம்பிக்கை: நட்சத்திர மீனுக்கு இடம் வலம் கிடையாது, அது மிக எளிய உயிர்.

உண்மை: முட்டையிலிருந்து வரும் அதன் லார்வாவுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் தெளிவாகவே உண்டு. கண்ணாடிபோன்ற அந்தச் சிற்றுயிர் நுண்ணிழைகளை அசைத்து நீந்தி, வாரக்கணக்கில் கடலில் அலைகிறது. பிறகு தரையில் ஒட்டிக்கொண்டு உருமாறுகிறது. லார்வாவின் இடப்பக்கத்துச் சிறு பை ஒன்று ஐந்தாகக் கிளைத்து, கைகளுக்குள் ஓடும் நீர்க்குழாய்களாகிறது. ஐந்தின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது!

வளர்ந்த பிறகும் ஆரச் சமச்சீர் முழுமையாக அமைவதில்லை. முதுகிலுள்ள சல்லடைத் தட்டு நடுவில் இல்லை. இரண்டு கைகளுக்கு இடையே ஒதுங்கி நிற்கிறது. 2023-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. மற்ற விலங்குகளில் தலையை அமைக்கும் மரபணுக்கள் நட்சத்திர மீனின் தோல் முழுதும் செயல்படுகின்றன. நடுவுடலை அமைப்பவை அங்கே ஏறக்குறைய இல்லை. கைகள் என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் தலைதான். எளிய உயிர் என்பதும் சரியில்லை. பரிணாம உறவில் பூச்சிகளைவிட, நட்சத்திர மீன் அடங்கிய முட்தோலிகளே நமக்கு நெருக்கம்.

நம்பிக்கை: மனித உடலின் இரு பாதிகளும் ஒன்றுபோலவே இருக்கும்.

உண்மை: அது வெளித்தோற்றம் மட்டுமே. உள்ளே இதயம் இடப்புறம் சாய்ந்திருக்கிறது, கல்லீரல் வலப்புறம். வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. கருவில் சுழலும் நுண்ணிழைகள் திரவத்தை இடப்பக்கமாகத் தள்ளுவதே இதைத் தீர்மானிக்கிறது. 1998-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலிக் கருவில் இதைக் காட்டினார்கள். அந்த இழைகள் அசையாவிட்டால் இடமா வலமா என்பது தற்செயலாகிவிடுகிறது. ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு உள்ளுறுப்புகள் எல்லாமே பக்கம் மாறியிருக்கும். அவர்களில் பலர் நலமாகவே வாழ்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது.

நம்பிக்கை: சமச்சீர் குலைந்தால் அது குறைபாடு.

உண்மை: நாக்கு மீன் குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்தான். வளர வளர வலக்கண் தலையைக் கடந்து இடப்பக்கம் வந்துவிடும். கடலடி மணலில் ஒருக்களித்துப் படுத்து வாழும் மீனுக்கு, மண்ணைப் பார்த்தபடி ஒரு கண் இருந்து என்ன பயன்?