காற்றும் நெருப்பும் ஆளும் தீவுகள்

இத்தாலி நாட்டின் சிசிலித் தீவுக்கு வடக்கே, திர்ரேனியக் கடலில் ஏழு சிறு தீவுகள் உள்ளன. அவை ஏயோலியத் தீவுகள் எனப்படும். ஏழு தீவுகளும் கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகளின் உச்சிகளே. எரிமலைகளை ஆராய்வோருக்கு இத்தீவுகள் ஒரு திறந்தவெளிப் பள்ளிக்கூடமாக விளங்குகின்றன. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது.

கோடை விடுமுறை வந்துவிட்டால் இத்தீவுகளைச் சுற்றி ஏராளமான பாய்மரப் படகுகள் வலம் வரும். பல படகுகளில், படகையே வீடாகக் கொண்டு வாழ்வோர் இருப்பர். அவர்களைக் காண நண்பர்களும் உறவினர்களும் வெகு தொலைவிலிருந்து வருவர். வருவோரின் கையில் திரும்பிச் செல்வதற்கான விமானச் சீட்டும் இருக்கும். ஏழு நாளில் ஏழு தீவுகளையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவர்களின் ஆசை. விருந்தோம்பும் படகுத் தலைவருக்கு அங்கேதான் சோதனை தொடங்குகிறது. விருந்தினரின் மனம் கோணாமல் நடக்க வேண்டும். அதே வேளையில், அவர்களின் உயிருக்கும் அவரே பொறுப்பு. காற்றும் எரிமலையும் யாருடைய பயணச்சீட்டையும் பார்ப்பதில்லை.

'ஏயோலியா' என்னும் பெயரே காற்றிலிருந்து வந்ததுதான். கிரேக்கப் புராணத்தில் ஏயோலஸ் என்பவன் காற்றுகளின் காவலன். தன் தீவுக்கு விருந்தாளியாக வந்த ஒடிசியஸுக்கு, பயணத்தைக் கெடுக்கும் காற்றுகளையெல்லாம் ஒரு தோல்பையில் கட்டிக் கொடுத்தான் என்று ஹோமரின் காவியம் கூறுகிறது. தாய்நாட்டின் கரை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், பையில் பொன் இருப்பதாக எண்ணிய தோழர்கள் அதை அவிழ்த்துவிட்டனர். காற்றுகள் சீறிக் கிளம்பிக் கப்பலைப் பழைய இடத்திற்கே தள்ளிவிட்டன.

வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும், மேற்குக் காற்றைக் கோடை என்றும் தமிழர் பெயரிட்டனர். மத்தியதரைக்கடல் மாலுமிகளும் அவ்வாறே செய்தனர். வடமேற்கிலிருந்து வீசுவது மாயெஸ்த்ராலே. தென்கிழக்கிலிருந்து வீசுவது சிரோக்கோ. சிரோக்கோ சகாராப் பாலைவனத்தின் வெப்பத்தையும், சில வேளைகளில் அதன் புழுதியையும் சுமந்து வரும். படகின் மேல்தளம் செம்மண் பூசியதுபோல் ஆகிவிடும்.

காற்று திசை மாறினால் நங்கூரமிடும் இடமும் மாற வேண்டும். வுல்கானோ தீவில் இதைத் தெளிவாகக் காணலாம். அங்கு ஒடுங்கிய நிலப்பகுதி ஒன்றின் இரு புறமும் இரண்டு குடாக்கள் உள்ளன. ஒன்றின் பெயர் கதிரவன் எழும் திசையையும், மற்றொன்றின் பெயர் அவன் மறையும் திசையையும் குறிக்கும். மேற்குக் காற்று வீசினால் கிழக்குக் குடாவும், கிழக்குக் காற்று வீசினால் மேற்குக் குடாவும் புகலிடமாகும். நள்ளிரவில் காற்று மாறிவிட்டால், உறங்கும் விருந்தினரை எழுப்பி இடம்பெயர்வதைத் தவிர வேறு வழியில்லை.

நங்கூரமிடுவதும் எளிதன்று. இவை மலையுச்சிகள் என்பதால் கரையை விட்டுச் சிறிது விலகினாலே கடலடி சரேலென்று சரிந்து ஆழமாகிவிடும். ஆழத்தைப் போல நான்கு அல்லது ஐந்து மடங்கு நீளத்திற்குச் சங்கிலியை விடுவது மாலுமிகளின் பொதுவழக்கம். பத்து மீட்டர் ஆழத்தில் நிற்கும் படகுக்கு நாற்பது, ஐம்பது மீட்டர் சங்கிலி தேவைப்படும். சங்கிலி குறைந்தால் நங்கூரம் மண்ணைப் பற்றாது இழுபடும். கூடினால் படகு சுழன்று பக்கத்துப் படகில் மோதக்கூடும்.

உலக மொழிகள் பலவற்றில் எரிமலையைக் குறிக்கும் சொல்லைத் தந்தது வுல்கானோ தீவுதான். 1888 முதல் 1890 வரை அது கடைசியாக வெடித்தது. ஆயினும் அது அணைந்துவிடவில்லை. பாறை இடுக்குகளிலிருந்து கந்தக ஆவி இன்றும் வெளிவருகிறது. அழுகிய முட்டையின் நாற்றம் படகு வரை எட்டும். மூக்கைப் பொத்திக்கொள்ளும் விருந்தினர், மஞ்சள் படிகங்கள் படர்ந்த எரிமலை வாயைக் கண்டதும் நாற்றத்தை மறந்துவிடுவர். ஆனால், அஞ்ச வேண்டியது மணமே இல்லாத கரியமில வாயுவுக்குத்தான். அது காற்றைவிடக் கனமானது. பள்ளங்களில் தேங்கி உயிரைப் பறிக்க வல்லது. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வாயு வெளியேற்றம் கூடியபோது, துறைமுகப் பகுதியில் வாழ்ந்தோர் இரவு நேரங்களில் வீட்டில் தங்கக்கூடாது என ஆணையிடப்பட்டது.

வுல்கானோவிலிருந்து குறுகிய நீரிணையைக் கடந்தால் லிப்பாரியை அடையலாம். ஏழு தீவுகளில் இதுவே பெரியது. இரும்பைக் காணாத புதிய கற்கால மக்கள், இங்குக் கிடைத்த கருநிற எரிமலைக் கண்ணாடியை வெட்டிக் கத்தியாகப் பயன்படுத்தினர். கடல் கடந்தும் விற்றனர். அதே தீவில் நீரில் மிதக்கும் வெண்ணிற நுரைக்கல்லும் உண்டு. குழந்தைகள் அதைக் கடலில் எறிந்து, மூழ்காததைக் கண்டு வியப்பர். அலிக்கூடியில் வண்டி செல்லும் சாலைகளே இல்லை; கற்படிகளில் கழுதைகளே சுமை தூக்குகின்றன.

சலீனா தீவு இரட்டை மலைகளால் ஆனது. எரிமலை மண்ணின் வளத்தால் அங்குத் திராட்சை செழித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திராட்சை வேரை அரிக்கும் பூச்சி பரவித் தோட்டங்களை அழித்தது. வாழ வழியற்ற குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கோடைதோறும் விருந்தினராக வந்து, தாத்தா பாட்டியின் வீட்டைத் தேடுகின்றனர். மண்ணை வளமாக்கிய எரிமலையை விட, மிகச் சிறிய பூச்சியே இத்தீவை வெறுமையாக்கியது என்பது வியப்புக்குரியது.

விருந்தினர் அனைவரும் தவறாமல் கேட்பது ஸ்ட்ரோம்போலியைத்தான். 924 மீட்டர் உயரமுள்ள அந்த எரிமலை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இடையறாது குமுறிக்கொண்டிருக்கிறது. அடுப்பில் கூழ் கொதிக்கும்போது குமிழிகள் மேலெழுந்து 'தொப்'பென்று வெடிப்பதைப் பலர் கண்டிருப்பர். இங்கும் அதுவே நிகழ்கிறது. பாறைக்குழம்பினுள் வாயுக் குமிழிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி, வாயை அடைந்ததும் வெடித்துத் தீப்பொறிகளை வாரி இறைக்கின்றன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இது நிகழ்வதால், அக்காலக் கடலோடிகள் அதை மத்தியதரைக்கடலின் கலங்கரை விளக்கம் என்றனர்.

தீப்பொறிகளை நன்கு காண, தீவின் வடமேற்குச் சரிவுக்கு எதிரே கடலில் நிற்க வேண்டும். 'நெருப்புச் சரிவு' எனப்படும் அவ்விடந்தான் மாயெஸ்த்ராலே காற்று நேராக வந்து மோதும் பக்கமும் ஆகும். காற்று எழுந்துவிட்டால் அங்குப் படகு நிற்க முடியாது. ஒதுங்குவதற்கு நல்ல துறைமுகமும் தீவில் இல்லை. அதனால்தான், தொலைவிலிருந்து வந்த விருந்தினரிடம் "இன்று போக முடியாது" என்று சொல்ல நேர்கிறது. ஏமாற்றத்தால் வாடும் முகங்களைப் பார்த்தபடி அதைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

காற்று அடங்கியிருந்தாலும் மலையை நம்பிவிட முடியாது. 2002 டிசம்பர் 30 அன்று நெருப்புச் சரிவின் ஒரு பகுதி கடலில் சரிந்தது. அதனால் எழுந்த சுனாமி கரையோர வீடுகளைத் தாக்கியது. குளிர்காலம் என்பதால் கடற்கரையில் பயணிகள் இல்லை. 2019 ஜூலை 3 அன்று ஏற்பட்ட பெருவெடிப்பில் மலையேறிய ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 28 அன்று மீண்டும் வெடித்தபோது, கொதிக்கும் சாம்பல் மேகம் சரிவில் இறங்கிக் கடல்மீது பாய்ந்தது. அருகே சென்ற பாய்மரப் படகு ஒன்று விரைந்து தப்பியது. அக்காட்சி காணொளியாக உலகெங்கும் பரவியது. அவ்வெடிப்புகளுக்குப் பிறகு மலையுச்சிக்கு ஏறுவது தடைசெய்யப்பட்டது. படகுகளும் சரிவிலிருந்து விலகியே நிற்க வேண்டும். சுனாமி எச்சரிக்கை ஒலிக்கும் கருவிகள் தீவில் நிறுவப்பட்டுள்ளன.

காற்றும் மலையும் இடங்கொடுக்கும் மாலைகளில், படகுகள் பனாரியாவிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் கடந்து அங்குச் செல்கின்றன. இருட்டியதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அனைவரும் மேல்தளத்தில் அமர்ந்து காத்திருப்பர். முதலில் மலைவாயில் செந்நிற ஒளி தெரியும். சிறிது நேரம் கழித்தே முழக்கம் காதை எட்டும். பிறகு, தீக்கற்கள் சரிவில் உருண்டு கடலை நோக்கி இறங்கும் ஓசை கேட்கும். குழந்தைகள் அடுத்த வெடிப்புக்காக ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்குவர். படகுத் தலைவர் மட்டும் அவ்வப்போது மலைக்கு முதுகைக் காட்டி, வடமேற்கே நீர்ப்பரப்பில் சிற்றலை எழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.