பிரிண்டர் நல்லாத்தான் இருக்கிறது, வரிசைதான் நின்றுவிட்டது

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய் தயாரிக்கும் இடம், ஜெராக்ஸ் கடை என்று எங்கே போனாலும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் அதைவிடப் பழைய லேசர் பிரிண்டரும் கண்ணில் படும். புதிய விண்டோஸ் ஓடாத கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடுவது நல்ல முடிவு. ஆனால் பிரிண்டரின் மாடல் பெயரைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாதி அலைச்சல் அதில் மிச்சம்.

லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது 1999-இல் வெளிவந்த கப்ஸ். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் பெரும்பாலும் அது ஏற்கெனவே இருக்கும். சிக்கல் டிரைவரில்தான். நம் ஊரில் அதிகம் புழங்கும் எச்பி லேசர்ஜெட் 1020-க்குள் அதை இயக்கும் நிரல் நிரந்தரமாகத் தங்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை அனுப்பவேண்டும். அதற்கு எச்பிலிப் தொகுப்பும், இணையத்திலிருந்து இறக்கும் அதன் பிளகினும் தேவை. எச்பிலிப் புதுப்பிக்கப்பட்டால் பிளகினையும் மறுபடி இறக்குங்கள். இரண்டின் பதிப்பும் ஒத்துப்போகாவிட்டால் அச்சு வராது. கேனன் எல்பிபி 2900-க்கும் தனி டிரைவர் வேண்டும், புதிய லினக்ஸில் அதை ஓடவைப்பது பெரும்பாடு. லினக்ஸுக்காகவே வாங்குவதென்றால் ஏர்பிரிண்ட் வசதி உள்ள மாடலைக் கேளுங்கள். டிரைவர் தேடும் வேலையே இருக்காது.

அடுத்து பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, 631 போடுங்கள். கப்ஸின் பக்கம் திறக்கும்; அங்கே அட்மினிஸ்ட்ரேஷன் பகுதியில் பிரிண்டரைச் சேர்க்கலாம். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் மறுத்தால், உங்கள் பயனர் பெயரை எல்பிஅட்மின் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். தாள் அளவு லெட்டர் என்றிருந்தால் ஏ4 ஆக்குங்கள். லெட்டரின் உயரம் 279 மில்லிமீட்டர், ஏ4 297. பில்லின் கடைசி வரி காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

நம் பக்கத்தில் உண்மையான தொல்லை கரண்ட்தான். லேசர் பிரிண்டரைச் சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டக்கூடாது. தாளைச் சூடாக்கும் பகுதி இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது. அதனால் கரண்ட் போனதும் யுபிஎஸ்ஸில் உள்ள கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், பிரிண்டர் மட்டும் நடுவில் அணையும். கப்ஸ் அந்தப் பிரிண்டருக்கான அச்சு வேலைகளின் வரிசையை நிறுத்திவைத்துவிடலாம். கரண்ட் வந்து பச்சை விளக்கு எரிந்தாலும் தாள் நகராது. மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் அந்த 631 பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிரிண்டர் பெயருக்கு எதிரே 'பாஸ்டு' என்றிருந்தால், மெயின்டனன்ஸ் பட்டியலில் 'ரெஸ்யூம் பிரிண்டர்' கொடுத்தால் போதும். அடிக்கடி இப்படி ஆனால் டிஃபால்ட் ஆப்ஷன்ஸில் பாலிசீஸ் பகுதிக்குப் போய், எரர் பாலிசியை 'ரிட்ரை கரன்ட் ஜாப்' என்று மாற்றிவிடுங்கள். பிரிண்டர் திரும்பியதும் நின்ற வேலை தானாகத் தொடங்கும்.

அந்த வேலை முதல் பக்கத்திலிருந்தே திரும்ப வரக்கூடும். கடலைமிட்டாய்ப் பாக்கெட்டுக்குத் தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் போட்டு லேபிள் அடிப்பவர்கள், ஒரே லேபிள் இரண்டு முறை சேராமலிருக்க, கரண்ட் போகுமுன் வந்த தாள்களை உடனே எடுத்துத் தனியே எண்ணி வையுங்கள்.