நூற்றில் ஐந்து

எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் நடத்தும்போது, சதவீதக் கணக்குக்கு வட்டி, தள்ளுபடி என்றே எடுத்துக்காட்டுச் சொல்லி வந்தேன். இந்த ஆண்டு மருத்துவ நிதி திரட்டலை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு செய்தி. கோஸ்டா ரிக்கா நாட்டில் வாட்ஸி என்ற ஊர்ப் பக்கம் சென்ற பேருந்தில், ஒரு தாய் மகனின் மருத்துவச் சீட்டைக் காட்டி உதவி கேட்டார். பயணிகள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். அதைப் பார்த்த அமெரிக்க இளைஞர் சேஸ் ஆடம், 2012இல் அந்த ஊரின் பெயரிலேயே ஓர் இணையதளம் தொடங்கினார். ஏழை நோயாளிகளின் அறுவை சிகிச்சைக்கு எவரும் சிறு தொகை தரலாம். அது முழுவதும் சிகிச்சைக்கே போகும். நிர்வாகச் செலவுக்கு நிதி தனி.

பிறகு கணக்கு: "சிகிச்சைக்கு ரூ.57,000 தேவை. வேறொரு தளம் 5% கட்டணம் எடுத்துக்கொண்டால், எவ்வளவு திரட்ட வேண்டும்?"

பெரும்பாலோர் 57,000உடன் அதன் 5%ஐக் கூட்டி ரூ.59,850 என்றனர். "அதில் 5% கழித்துப் பாருங்கள்" என்றேன். ரூ.56,857.50தான் மிஞ்சியது, ரூ.142.50 குறைந்தது. கட்டணம் திரட்டிய தொகையில் பிடிக்கப்படுகிறது, ஆகவே 57,000 என்பது 95% என்று ஒரு குழு கண்டுபிடித்தது. விடை ரூ.60,000.

மணி அடிக்கும் நேரத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அந்தத் தளத்துல நோயாளி போட்டோவை எல்லாரும் பார்ப்பாங்களே, கூச்சமா இருக்காதா?"

எனக்குப் பதில் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், இதயத்தில் துளை இருந்த என் மாணவனைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் முன்னால் நிறுத்தி, உண்டியல் வைத்தேன். ரூ.3,460 சேர்ந்தது. அவன் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. ஆர்.பி.எஸ்.கே. எனப்படும், 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கே வந்து பரிசோதிக்கிறது, 18 வயது வரை பிறவிக் குறைபாடுகளுக்கு இலவச சிகிச்சைக்கு வழி செய்கிறது என்பதைப் பிறகே அறிந்தேன். அவனுக்கு அறுவை சிகிச்சை நடந்ததும் அந்தக் குழுவின் பரிந்துரையால்தான்.

இப்போது முதலில் அக்குழுவிடம் சொல்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளதா என்று பெற்றோரிடம் கேட்கிறேன். அதற்கு மேலும் பணம் தேவைப்பட்டால்தான் நிதி. அதுவும் குழந்தையிடமும் பெற்றோரிடமும் சம்மதம் கேட்ட பிறகே.

மறுநாள் அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பைப் பேச வைத்தேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான்: "பஸ்ல அந்தம்மா பையனைக் காட்டலையே டீச்சர். சீட்டைத்தானே காட்டினாங்க?"