முதுமையில் மனச்சோர்வு: மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்!

"அப்பா சரியா சாப்பிடறதில்லை, தூங்கறதில்லை. வயசாயிடுச்சு இல்லையா டாக்டர்?" என்பார்கள். வயது மட்டுமல்ல, மனச்சோர்வாகவும் இருக்கலாம். "இருந்து என்ன பயன்?" என்று அவர் புலம்பினால் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளைக் குறைந்த அளவில்தான் தொடங்குவார்கள். பலன் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகலாம். பத்தே நாளில் "கேட்கலை" என்று நிறுத்திவிட்டு என்னிடம் லேகியம் கேட்டு வராதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்! இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதானால் இரு மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

முதல் வாரங்களில் தள்ளாட்டம், குழப்பம் வந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுவோருக்கு இது அதிகம். உடனே பரிசோதியுங்கள்.

குணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டும். நிறுத்துவதையும் மருத்துவரே படிப்படியாகச் செய்யட்டும்.