அணுமின்சாரமும் நம் அணைத் தண்ணீரும்



சென்ற ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகையில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயார் என்னை நிறுத்தினார். அவருடைய மகன் பாலிடெக்னிக் படித்தவன். கூடங்குளத்தில் புதிய அணு உலைகள் கட்டும் வேலைக்கு ஓர் ஒப்பந்தக்காரர் அவனை அழைத்திருக்கிறார். "சாமி, அங்கே போனால் பாவமாகுமா? அந்த ஊர் ஜனங்கள் கோயிலிலேயே உபவாசம் இருந்தார்களே!" என்று கேட்டார். வாசற்படியில் நின்றுகொண்டு விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று அது. ஆதலால் இவ்வாரத்து ஞானோபதேசப் பகுதியை அதற்கென்றே ஒதுக்குகிறேன்.

முதலில் விஷயத்தை அறிந்துகொள்வோம். லோயர் கேம்பில் நடப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் பெரியாற்றுத் தண்ணீர் நான்கு பெரிய குழாய்களின் வழியே கீழே பாய்ந்து சக்கரங்களைச் சுழற்றுகிறது. 1958 முதல் இப்படித்தான் அங்கே மின்சாரம் பிறக்கிறது. கூடங்குளத்தில் சுழல்வதும் சக்கரமே. அங்கே யுரேனிய அணுவைப் பிளந்து, அப்போது எழும் உஷ்ணத்தால் நீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் சுழற்றுகிறார்கள். தூத்துக்குடியில் அதே ஆவியை நிலக்கரி எரித்துப் பெறுகிறார்கள். வித்தியாசமெல்லாம் அடுப்பில்தான்.

இந்த அடுப்பு வித்தியாசம் சிறியதன்று. நிலையம் கட்டுவது முதல் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி ஏறத்தாழ 820 கிராம் கரியமில வாயுவை வானத்துக்கு அனுப்புகிறது. அணு உலையோ சுமார் 12 கிராம்தான். காற்றாலைக்கும் ஏறக்குறைய அதே அளவு. ஐக்கிய நாடுகளின் காலநிலை நிபுணர் குழு 2014-இல் வெளியிட்ட கணக்கு இது. நம் தேசத்திலோ இன்னும் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு நிலக்கரியிலிருந்தே வருகிறது. அணுவிலிருந்து வருவது நூற்றுக்கு மூன்று.

அந்தப் புகையினால் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? யந்திரத் தொழில் பெருகுவதற்கு முன்னிருந்ததைவிட 2024-ஆம் ஆண்டில் பூமியின் சராசரி உஷ்ணம் ஒன்றரை டிகிரி கூடியிருந்தது. சூடான காற்று அதிக நீராவியைச் சுமக்கும். சுமந்ததை ஒரே மூச்சில் கொட்டும். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது முல்லைப்பெரியாற்றில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். வேறு சில வருஷங்களில் ஜூன் மாதம் முதற்போகத்துக்குத் தண்ணீர் திறக்கவே வழியில்லாமல் வானத்தைப் பார்த்து நின்றிருக்கிறோம். கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் அந்த மழையைத்தான் நம்பியிருக்கிறது. லோயர் கேம்பின் சக்கரமும் அப்படியே.

"நமக்குத்தான் காற்றாலை இருக்கிறதே!" என்பார் சிலர். உண்மை. கம்பம் கணவாய்க் காற்று பேர்பெற்றது. ஆண்டிபட்டிப் பக்கம் போகிறவர்கள் காற்றாலைகளைக் காணாமல் திரும்ப முடியாது. ஆனால் அந்தக் காற்று பலமாய் வீசுவது மே முதல் செப்டம்பர் வரைதான். சூரியனோ மாலையில் போய்விடுகிறது. மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பெரிய பாட்டரிகள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கின்றன. அதுவரை இரவு நேரத்துக் குறையை நிரப்புவது பெரும்பாலும் நிலக்கரி. (திருவிழா என்றால் பத்து நாளும் விடிய விடிய சீரியல் விளக்கு கேட்கிறவர்கள் இதைச் சற்று நினைத்துக்கொள்ளட்டும்.) ஆகவேதான் அரசாங்கங்கள் மீண்டும் அணுவின் பக்கம் திரும்பியிருக்கின்றன. இன்று ஒன்பதாயிரம் மெகாவாட் அளவிலுள்ள அணுமின்சாரத்தை 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்துவதாக மத்திய அரசு 2025-இல் அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் தனியாருக்கும் இத்துறையைத் திறந்துவிடும் சட்டம் நிறைவேறியது. விபத்து நேர்ந்தால் நிலையத்தை நடத்துகிறவர் யந்திரம் விற்றவரிடம் நஷ்டஈடு கேட்கும் உரிமையை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருந்தது. புதிய சட்டம் அதைக் குறுக்கிவிட்டது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி நெஞ்சில் கைவைத்து வாசிக்க வேண்டிய பகுதிக்கு வருவோம்.

2011 மார்ச் 11-இல் ஜப்பானில் கடல் பொங்கி, புகுஷிமா உலைகள் கெட்டன. அது மனிதரின் அஜாக்கிரதையால் நேர்ந்தது என்று அந்நாட்டுப் பாராளுமன்றம் நியமித்த குழுவே மறு வருஷம் சொல்லிற்று. அந்தக் காட்சிகளைக் கண்ட இடிந்தகரை மீனவர்கள் 2011 ஆகஸ்டு முதல் லூர்து மாதா ஆலயத்தின் முன் கூடி உபவாசமிருந்தார்கள். நிபுணர்கள் பாதுகாப்பு உண்டென்றார்கள். ஜனங்களின் பயம் தீரவில்லை. 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். 2013 மே 6-இல் உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்க அனுமதித்தது.

அதே 2011-இன் கடைசியில் நம் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது? முல்லைப்பெரியாற்று அணை உடைந்துவிடும், அதை இடிக்க வேண்டும் என்று கேரளத்தில் கூக்குரல் எழுந்தது. நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தார்கள். அணை பலமாக இருக்கிறது, நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள், இன்னும் ஏன் பயப்படுகிறார்கள் என்று கேட்டோம். 2012-இல் நீதிபதி ஆனந்த் குழுவும் அணை பத்திரமாயிருக்கிறது என்றது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

நான் அப்போது இளங்குரு. நம் உரிமைக்காக நானும் பேசினேன். அது தவறென்று இன்றும் நினைக்கவில்லை. 1895 முதல் அந்தத் தண்ணீரை நம்பித்தானே நம் ஜனங்கள் பயிர் வைத்திருக்கிறார்கள்! ஆனால் அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்காமல் விழித்திருந்த ஒரு தாயைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இடிந்தகரைத் தாயின் பயத்துக்காக மாத்திரம் கண் கலங்கினேன். இரண்டும் ஒரே பயம் என்று அறிய எனக்குச் சில வருஷங்கள் ஆயின. ஓரிடத்தில் நன்மை பெறுகிறவர்கள் நாம், அபாயத்தின் அருகில் வசிக்கிறவர்கள் அவர்கள். மற்றோரிடத்திலும் அப்படியே, கூடங்குளத்து மின்சாரம் நம் வீட்டுக் கம்பியிலும் ஓடுகிறதல்லவா?

அப்படியானால் பயப்படுகிறவர் சொல்வதெல்லாம் மெய்யென்று கொள்வதா? அதுவுமில்லை. எட்டாம் கற்பனை இரு பக்கத்தாருக்கும் உண்டு. பொட்டிப்புரம் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015-இல் மத்திய மந்திரிசபை அனுமதித்தபோது, அங்கே அணுகுண்டு செய்யப்போகிறார்கள், அணுக்கழிவைப் புதைக்கப்போகிறார்கள் என்று டீக்கடைதோறும் பேச்சு. நியூட்ரினோ என்பது சூரியனிலிருந்து வந்து நம் உடலையே ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கும் நுண்துகள். அதனால் நமக்குத் தீங்கில்லை. மலையைக் குடையலாகாது என்று வாதாட நியாயமான காரணங்கள் இருந்தன. அவற்றை விட்டுப் பொய்யைக் கையிலெடுத்தது நமக்கு மரியாதையன்று. அதிகாரிகளும் அவ்வாறே. "அபாயமே இல்லை" என்று சொல்வது உண்மையாகாது. எவ்வளவு அபாயம், அதற்கு என்ன காவல் என்பதைத் தமிழில், அவ்வூர் ஜனங்களுக்கு விளங்கும்படி சொல்வதே அவர்கள் கடமை.

ஏழாம் கற்பனையும் இங்கே வந்து சேர்கிறது. எரிந்து தீர்ந்த அணு எரிபொருள் ஆயிரமாயிரம் வருஷம் ஆபத்தானது. கூடங்குளத்தில் அதை உலைக்கு வெளியே சேமிக்கும் இடத்தை ஐந்து வருஷத்துக்குள் கட்ட வேண்டுமென்று 2013-இல் கெடு விதிக்கப்பட்டது. 2018-இல் அந்தக் கெடுவை 2022 வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. மின்சாரத்தை நாம் அனுபவித்துவிட்டு, காவல் காக்கும் செலவைப் பேரப்பிள்ளைகள் தலையில் வைப்பது எந்த வகைக் கடன் என்று நீங்களே சொல்லுங்கள். நிலக்கரிப் புகையும் அவர்கள் தலையில்தான் விடிகிறது என்பதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

திருச்சபை என்ன சொல்லுகிறது? சர்வதேச அணுச்சக்தி ஏஜென்சி 1957-இல் தொடங்கியபோதே பரிசுத்த ஸ்தானம் அதில் அங்கமாயிற்று. பாப்பரசர் பிரான்சிஸ் 2019-இல் ஜப்பானிலிருந்து திரும்புகையில், பூரண பாதுகாப்பு உறுதியாகும்வரை தாம் அணுமின்சாரத்தை உபயோகிக்கமாட்டார் என்றார். அதைத் தம் சொந்தக் கருத்தாகவே சொன்னார். பாவமென்று விதிக்கப்படவில்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஓடுகின்ற உலைகளை நிறுத்தலாகாது. நிறுத்தினால் அந்த இடத்தில் நிலக்கரிதான் எரியும். புதிதாய்க் கட்டுமுன் காற்றையும் வெயிலையும் முற்றாக உபயோகிக்கட்டும், கழிவுக்கு வழி சொல்லட்டும், அருகில் வசிப்பவர்களைக் கேட்டுவிட்டு அஸ்திவாரம் தோண்டட்டும்.

இப்போது அந்தத் தாயாருக்கு விடை. அம்மா, மகன் போகட்டும். அந்த வேலை பாவமன்று. பார்க்காத வெல்டிங்கைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னால் மாத்திரம், வேலையே போனாலும் போடலாகாது. அங்கே போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறு, பூசைக்கு இடிந்தகரை லூர்து மாதா கோயிலுக்குப் போகச் சொல்லுங்கள். பூசை முடிந்ததும் உடனே பஸ் ஏறிவிட வேண்டாம். கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம் தான் இன்ன வேலைக்கு வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்வதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்கட்டும்.